வீட்டு மானிட்டருக்கு எதுக்குங்க 165 ஹெர்ட்ஸ்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கேம் ஆடுகிற பசங்களுக்கான பதிவு இல்லை. மாற்றல் ஆர்டரைப் பிடித்துக்கொண்டு டெல்லி, நாக்பூர், புனே என்று மூட்டை கட்டும் நம்ம மாதிரி மாசச் சம்பளக் குடும்பங்களுக்கு.

பொண்ணுக்கு ஆன்லைன் வகுப்பு, வீட்டம்மாவுக்கு எக்செல், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்குத் தமிழ்ப் பேப்பர். நம்ம வீட்டு மானிட்டருக்கு வேலை இவ்வளவுதான். ஆனால் நேரு ப்ளேஸில் கேட்டுப் பாருங்கள், 27 இஞ்ச், வளைந்த திரை, 165 ஹெர்ட்ஸ் என்று எடுத்து வைப்பார்கள். நாமும் 'பெருசுதானே நல்லது' என்று தலையாட்டுவோம்.

பெருசெல்லாம் நல்லதில்லை சாமி! ஃபுல் எச்டி என்றால் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள். 24 இஞ்சிலும் அதேதான், 27 இஞ்சிலும் அதேதான். கணக்குப் போட்டால் 24-ல் இஞ்சுக்கு 92 புள்ளி, 27-ல் 82. ஆக, கூடக் காசு கொடுத்து எழுத்தைச் சொரசொரப்பாக்கி வாங்குகிறோம். ண, ன என்று சுழி பார்த்துப் படிக்கிற மொழிக்கு இது தேவையா? அப்பாவுக்கு எழுத்து பெரிசாக வேணுமென்றால் விண்டோஸில் ஸ்கேலிங்கை 125 சதவீதம் ஆக்குங்கள், பைசா செலவில்லை. 165 ஹெர்ட்ஸ் கதையும் இதுதான். நொடிக்கு 30 படம் ஓடும் வகுப்பு வீடியோவுக்கு அது எதுக்கு?

24 இஞ்ச், ஐபிஎஸ் பேனல், எச்டிஎம்ஐ. போதும். டிஎன் பேனல் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் நிறமே மாறிவிடும். மிச்சக் காசில் ஏற்றி இறக்கும் ஸ்டாண்ட் உள்ளதாகப் பாருங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருந்தால் கழுத்து பிழைக்கும். அதுக்குப் பட்ஜெட் இல்லையா, பழைய பாடப்புத்தகம் நாலை அடியில் வையுங்கள்.

இனி என் தொழில் சமாச்சாரம். 'நோ காஸ்ட் ஈஎம்ஐ' என்றால் வட்டி இல்லை என்று பி.காம் படித்தவர்களே நம்புகிறார்கள். சைபர் சதவீத வட்டி என்று ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லியாச்சு. உதாரணத்துக்கு, வட்டி 400 ரூபாய் என்று வையுங்கள். அதைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள். ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 72 ரூபாய் நம்ம தலையில். செயலாக்கக் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. மொத்தம் 307 ரூபாய். இதுக்குப் பேர் நோ காஸ்ட்டா? ரொக்கமாகக் கொடுத்தால் குறைத்திருப்பாரே, அந்தத் தொகை தனி.

'ஜிஎஸ்டி குறைஞ்சிடுச்சு, அதான் இந்த விலை' என்று யாராவது 24 இஞ்சைக் காட்டிச் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். 32 இஞ்ச் வரை 2019 ஜனவரியிலிருந்தே 18 சதவீதம்தான். 2025 செப்டம்பர் 22-ல் 28-லிருந்து 18-க்கு இறங்கியது அதுக்கு மேற்பட்ட சைஸ்கள் மட்டும்.

வாங்குமுன் ஒன்று கேளுங்கள்: அடுத்த மாற்றல் எந்த ஊரோ, அங்கேயும் வாரண்டி செல்லுமா, சர்வீஸ் சென்டர் இருக்கிறதா? அப்புறம், அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் பரண்மேல் பத்திரமாக வையுங்கள். லாரியில் ஏற்றும்போது 165 ஹெர்ட்ஸ் உதவாது, அந்தத் தெர்மோகோல்தான் உதவும்.