நெல்சன் மாண்ட காக்பிட்

விமானியும் துணை விமானியும் அமர்ந்து விமானத்தை இயக்கும் முன்பகுதிக்கு ஆங்கிலத்தில் காக்பிட் என்று பெயர் என்பதும், தமிழ் நாளிதழ்கள் அதனை விமானி அறை என்றோ அப்படியே காக்பிட் என்றோ எழுதிவருகின்றன என்பதும் யாவரும் அறிந்தவை. இவ்வாரம் எரிச்சலூட்டியது அச்சொல் அன்று; அச்சொல் பிறந்த கதை என்று கைபேசிகளில் வலம்வரும் விளக்கமே. முதல் உலகப் போரில் வானில் மோதிக்கொண்ட விமானிகள் சண்டைச் சேவல்களைப் போல ரத்தம் தோய்ந்து தம் இருக்கையிலேயே மாண்டனர் என்றும், அதனால்தான் அவ்விடத்துக்குச் சேவற்குழி என்ற பொருளில் காக்பிட் எனப் பெயரிட்டனர் என்றும் அவ்விளக்கம் கூறுகிறது. கப்பலின் இடப்புற, வலப்புற அறைகளின் முதலெழுத்துகள் கூடி ‘போஷ்’ என்ற சொல் உண்டானது என்ற கட்டுக்கதையை இப்பத்தி முன்பு உரித்துக்காட்டியதை மறவாத வாசகர்களுக்கு இத்தகைய கதைகளின் இலக்கணம் நன்கு பழகியதே: சுவை இருக்கும், பாத்திரங்கள் இருப்பார்கள், ஆண்டு மட்டும் இருக்காது.

ஆண்டைக் கேட்டால் இக்கதை நிற்பதில்லை. விமானத்தைக் குறிக்கும் பொருளில் இச்சொல் 1914 அளவிலேயே அச்சில் காணப்படுகிறது. விமானத்தோடு விமானம் பொருதும் வான்சண்டை வழக்கமானதோ அடுத்த ஆண்டில்தான். மேலும், விமானத்துக்கு இச்சொல் சேவற்களத்திலிருந்து நேரே பறந்து வரவில்லை. சிறு பாய்மரப் படகுகளில் சுக்கான் பிடிப்பவர் அமர்வதற்காகத் தளத்தைத் தாழ்த்தி அமைத்த திறந்த பள்ளத்துக்குக் காக்பிட் என்ற பெயர் அதற்கு முன்பே வழங்கிற்று. தொடக்ககால விமானங்களில் தலையும் தோளும் வெளியே தெரிய, காற்று முகத்தில் அறைய, விமானி உட்கார்ந்திருந்த திறந்த பள்ளமும் ஏறத்தாழ அதே வடிவில் இருந்தமையால், படகின் சொல் விமானத்துக்கு ஏறிற்று என்பதே பொருந்தும் விளக்கம். கேப்டன், பைலட், ரடர் எனப்படும் சுக்கான், வேகத்தை அளக்கும் நாட் என வானூர்தித் துறையின் அன்றாடச் சொற்களில் பெரும்பங்கு கடலிலிருந்து கடன்பெற்றவை என்பதை நோக்க, இதில் வியப்பேதும் இல்லை.

இச்சொல் இன்று வழங்கும் தொடர்களுள் குறிப்பிடத்தக்கது ‘ஸ்டெரைல் காக்பிட்’ என்பதாகும். புறப்படும்போதும் இறங்கும்போதும், 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போதும், விமானத்தை இயக்குவதற்குத் தொடர்பில்லாத பேச்சையும் வேலையையும் விமானிகள் அறவே தவிர்க்க வேண்டும் என்னும் இவ்விதியை அமெரிக்க வானூர்தி நிர்வாகம் 1981-இல் கொண்டுவந்தது. அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பு சார்லட் நகருக்கருகே தரையிறங்க முயன்ற ஈஸ்டர்ன் நிறுவன விமானம் விழுந்து நொறுங்கியதும், அதன் விமானிகள் இறங்கும் நேரத்தில் அரசியல் முதல் பழைய கார்கள் வரை பேசிக்கொண்டிருந்தது குரல்பதிவில் தெரியவந்ததும் இவ்விதிக்கு வித்திட்டவை. விமானிகளிடையே வீண்பேச்சு கூடாது என்பதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

சொல்லின் மூலத்தைப் பொறுத்தவரை, கைபேசிக் கதை சொல்வதில் சேவல் மட்டும் உண்மை. 1580-களின் ஆங்கிலத்தில் காக்பிட் என்பது சேவற்சண்டைக்கான களத்தையே குறித்தது. நடுவே வட்டமான ஆடுகளமும், சுற்றிலும் படிப்படியாக உயரும் இருக்கைகளும் கொண்ட அவ்வமைப்பு நாடகத்துக்கும் ஏற்றதாக இருந்தது. லண்டனில் ட்ரூரி லேன் பகுதியிலிருந்த அத்தகைய களமொன்றை 1616-இல் கிறிஸ்டோபர் பீஸ்டன் என்பவர் நாடகக் கொட்டகையாக மாற்ற, மறு ஆண்டே தொழில் பழகும் இளைஞர் கூட்டமொன்று கலகம் செய்து அதனைத் தீக்கிரையாக்கிற்று. சாம்பலிலிருந்து எழுந்த கொட்டகைக்கு அவர் பீனிக்ஸ் எனப் பெயர் சூட்டியும் ஊரார் பலர் காக்பிட் என்றே அழைத்துவந்தனர். வொய்ட்ஹால் அரண்மனையில் எட்டாம் ஹென்றி அமைத்த சேவற்களம் இருந்த இடத்தில் பின்னர் அரசு அலுவலகங்கள் வந்தபோதும் அப்பெயர் ஒழியவில்லை. 1774 சனவரியில் பெஞ்சமின் பிராங்க்ளினை மன்னரின் ஆலோசனை மன்றத்தார் முன் நிறுத்தி வசைமாரி பொழிந்த இடமும் அந்தக் காக்பிட்தான். அங்கே அப்போது சேவல் இல்லை என்பதொழிய, பெயர் பொருந்தியே இருந்தது.

ரத்தக் கதை வேண்டும் என்போர் போர்க்கப்பலுக்குள் இறங்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரிட்டிஷ் கடற்படையில், நீர்மட்டத்துக்குக் கீழே, ஆர்லாப் என்னும் அடித்தளத்தின் பின்பகுதிக்குக் காக்பிட் என்ற பெயர் ஏற்பட்டுவிட்டது. மிட்ஷிப்மேன் எனப்பட்ட பயிற்சி அதிகாரிகளும் மருத்துவரின் உதவியாளர்களும் தங்கிய அவ்விடத்தில் சாளரமில்லை, பகலிலும் விளக்கொளிதான், உயரமானவர் நிமிர்ந்து நிற்கவும் முடியாது. போர் மூண்டால் அது அறுவைச் சிகிச்சைக் கூடமாக மாறும். பீரங்கிக் குண்டுகள் எளிதில் துளைக்க முடியாத ஆழம் என்பதே அதற்குக் காரணம். மயக்க மருந்து இன்னும் வராத காலமாகையால் அங்கே நடந்தவற்றை விரித்துரைக்கத் தேவையில்லை.

1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் போரில், பகல் ஒன்றேகால் மணியளவில், ரெடூட்டாபிள் என்ற பிரெஞ்சுக் கப்பலின் பாய்மரத்து உச்சியிலிருந்து சுடப்பட்ட குண்டு பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் தோளில் பாய்ந்து முதுகெலும்பைத் தாக்கிற்று. கீழே சுமந்து செல்லப்படுகையில், தம்மை அடையாளம் கண்டு வீரர்கள் மனந்தளர்ந்துவிடக் கூடாதென்று கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டவர் அவர். தம் கப்பலான விக்டரியின் காக்பிட்டில் அவர் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகக் கிடந்ததைக் கப்பல் மருத்துவர் வில்லியம் பீட்டி 1807-இல் நூலாக வெளியிட்டார். இச்சொல்லின் வரலாற்றை அறிய விரும்புவோர் அகராதிக்கு முன்பு படிக்க வேண்டிய நூல் அதுவே என்பது இப்பத்தியின் துணிபு. வெக்கையும் தாகமும் தாங்காது அவர் விசிறச் சொன்னதும், எலுமிச்சைச் சாறு கேட்டதும், தமக்கு இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று கூறி மற்றவர்களைக் கவனிக்குமாறு பீட்டியை அனுப்பியதும் அதில் உள்ளன. மேலே திடீரென ஆரவாரம் எழ, காரணம் என்னவென்று நெல்சன் கவலையுடன் வினவியபோது, சற்றுத் தள்ளிக் காயமுற்றுக் கிடந்த பாஸ்கோ என்ற அதிகாரி, பகைக் கப்பலொன்று கொடியிறக்கிப் பணிந்துவிட்டது என விடையளித்தார். போரின் போக்கைத் தளபதி அறிந்துகொண்டது, தலைக்குமேல் கேட்ட ஒலியைக் கொண்டும் இறங்கி வந்தோர் சொற்களைக் கொண்டுமே. எதனையும் காண முடியாத இடத்துக்கு வழங்கிய பெயரே, எல்லாவற்றையும் கண்டாக வேண்டிய இடத்துக்குப் பின்னாளில் வந்து சேர்ந்தது.

மாலை நான்கரை மணிக்கு நெல்சன் இறந்தார். அவர் கிடந்த இடம், போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் 1922 முதல் உலர்துறையில் நிற்கும் அக்கப்பலில் இன்றும் பார்வையாளர்களுக்குக் காட்டப்படுகிறது. எனினும் காக்பிட் என்ற பெயர் அந்த ரத்தத்தாலும் வந்ததன்று. அது அவரது மரணத்துக்கு ஏறத்தாழ நூறாண்டு மூத்தது. கறுப்புப் பெட்டி ஏன் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது எனக் கேட்டு எழுதியுள்ள வாசகர்கள் இன்னும் ஒரு வாரம் பொறுத்தருள வேண்டும். இவ்வாரத்துக்குரிய இடத்தை நெல்சன் எடுத்துக்கொண்டுவிட்டார்.