தூக்கும் கணக்கும் பிடிக்கும் கணக்கும்

சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், மாநில எல்லையை ஒட்டி அமைந்தது குடிபாலா. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இவ்வட்டாரத்தில், பாரத விழாக் காலங்களில் தெருக்கூத்து நிகழ்வதைப் பலரும் கண்டிருப்பர். வேடந்தரித்தவர் களம் புகும்போது இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்து நிற்கின்றனர். உரிய வேளையில் அத்திரை விலகுகிறது. ஆடுபவர் தலைக்கு மேல் வானத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. நாடகக் கலையில் இதனினும் பாதுகாப்பான திரையமைப்பை எந்தப் பொறியியலாளரும் இதுவரை வகுத்தாரல்லர்.

இதனைச் சொல்வது பழமையைப் போற்றும் பொருட்டன்று. தலைக்கு மேல் பாரம் ஏறிய நாள் முதலே மேடை ஓர் இயந்திரசாலையாக மாறிவிட்டது என்பதை நாம் இன்னும் உணரவில்லை என்பதைச் சுட்டவே. கடப்பை மாவட்டத்துச் சுரபி என்னும் ஊரில் 1885இல் தோன்றிய சுரபி நாடகக் குழுவினர், கயிறும் கப்பியும் கொண்டு பாத்திரங்களை வானில் பறக்கவிட்டுப் புகழ் பெற்றனர். தமிழ்நாட்டில் நவாப் இராஜமாணிக்கம், ஆர். எஸ். மனோகர் ஆகியோரின் குழுக்களும் காட்சி விந்தைகளுக்குப் பெயர் பெற்றவை. அக்குழுக்களில் கயிற்றை இழுத்தவர் நாள்தோறும் அதே கயிற்றை இழுத்தவர். எந்தத் தொங்கல் எவ்வளவு கனம் என்பதை அவருடைய தோள் அறியும். இன்று பள்ளி மன்றங்களிலும் ஊர்ப் பொது அரங்குகளிலும் கயிற்றைத் தொடுபவர் ஆண்டுக்கு இருமுறை ஆண்டுவிழாவுக்காகத் தொடுபவர். அவருக்குத் துணையாக மோட்டார் ஒன்றை வைத்துவிடலாம் என்னும் எண்ணம் எளிதில் எழுகிறது.

இவ்வட்டாரத்துப் பள்ளி மன்றம் ஒன்றில் அத்தகைய ஏற்பாட்டைக் காண நேர்ந்தது. முன்பே கையால் இயங்கிவந்த எதிரெடைத் தூக்கி ஒன்றுடன் சிறு மின்சார மோட்டாரைச் சங்கிலியால் இணைத்திருந்தனர். பொத்தானை அழுத்தினால் விளக்குகள் தொங்கும் குழாய் ஓசையின்றி மேலே சென்றது. அனைவரும் மகிழ்ந்தனர். மோட்டாரின் பிரேக்கு எத்தனை கிலோவைப் பிடித்து நிறுத்தும் என்று வினவியபோது, ‘தூக்குகிற மோட்டார் பிடிக்காதா?’ என்பதே விடையாக வந்தது. அவ்வினாவுக்கு, ‘பிடிக்காமலும் போகலாம்’ என்று மறுமொழி கூறவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

எதிரெடை என்பது நம் மக்களுக்குப் புதியதன்று. கிணற்றங்கரை ஏற்றத்தில், துலாவின் ஒரு முனையில் சாலும் மறு முனையில் கல்லும் இருக்கும். கல்லின் கனம் நீரின் கனத்தைப் பெரும்பாலும் ஈடுசெய்வதால், மனிதன் மிச்சத்தை மட்டும் வென்றால் போதும். நாடகமேடையிலும் இதுவே நிகழ்கிறது. திரையோ விளக்கோ கட்டிய குழாயைப் பல எஃகுக் கம்பிக் கயிறுகள் தாங்குகின்றன. அக்கயிறுகள் கூரையடிக் கப்பிகளின் வழியே ஓரச் சுவருக்குச் சென்று, இரும்புக் கட்டிகள் அடுக்கிய ஒரு சட்டத்தில் முடிகின்றன. அச்சட்டத்தை எடைத்தொட்டில் என்று வழங்குவோம். குழாய் ஏறினால் தொட்டில் இறங்கும். குழாய் இறங்கினால் தொட்டில் ஏறும்.

ஏற்றத்தில் சால் அறுந்து கிணற்றில் விழுந்தால் என்ன நேரும் என்பதை முதியோர் அறிவர். சாலினால் தீங்கில்லை, கல் கட்டிய முனை தரையில் மோதும், அங்கே நிற்பவனுக்குத்தான் ஆபத்து. மேடையிலும் நம் கண் தலைக்கு மேலிருக்கும் குழாயையே பார்க்கிறது. சுவரோரத்துத் தொட்டிலைப் பார்ப்பதில்லை. அதன் அடியில் நாற்காலிகளை அடுக்கி வைப்பதும், ஒப்பனைக்கு இடமின்றித் தவிக்கும் சிறுவரை அங்கே அமர்த்துவதும் வழக்கமாகிவிட்டன. தொட்டில் ஓடும் பாதையைத் தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேலும் கம்பி வலையால் அடைப்பது முதற்செலவாக இருத்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் அட்வுட் இயந்திரத்தை வகுப்பில் விளக்கியிருப்பர். ஒரு கப்பியின் இருபுறமும் தொங்கும் இரு எடைகளைக் கொண்டு முடுக்கத்தைக் கணிக்கும் அப்பாடத்தை இங்கே அப்படியே பயன்படுத்தலாம். குழாய் 60 கிலோ, அதில் கட்டிய பொருள் 300 கிலோ, தொட்டில் 360 கிலோ எனக் கொள்வோம். இரண்டும் சமம், ஆகவே அமைதி. குழாய் மேடைத்தளத்துக்கு இறங்கியிருக்க, தொட்டில் 6 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. விழா முடிந்த களைப்பில் யாரோ குழாயிலிருந்த விளக்குகளை முதலில் கழற்றிவிட்டார். இப்போது ஒருபுறம் 60 கிலோ, மறுபுறம் 360 கிலோ. வேறுபாடு 300, மொத்தம் 420. முடுக்கம் நொடிக்கு நொடி 7 மீட்டர். பிடிப்பு நழுவினால் ஒன்றேகால் நொடிக்குச் சற்றுப் பின் தொட்டில் தரையை அடைகிறது. அப்போது அதன் வேகம் நொடிக்கு 9 மீட்டருக்கு மேல். குழாயும் அதே வேகத்தில் கூரைக் கப்பிகளில் சென்று மோதுகிறது. உராய்வினால் இவ்வேகம் சிறிது குறையலாம். ஆயினும் ஒருவர் விலகிக்கொள்ள அவகாசம் இராது.

ஆகவேதான் மேடைத் தொழிலாளரிடையே ஒரு வரிசை மாறாத வழக்கம் உண்டு. ஏற்றும்போது குழாய் தாழ்ந்த நிலையில் முதலில் பொருளைக் கட்டுவர். பின்னரே தொட்டிலில் கட்டிகளை அடுக்குவர். இறக்கும்போது முதலில் தொட்டிலிலிருந்து கட்டிகளை எடுப்பர். பின்னரே பொருளை அவிழ்ப்பர். கனமான பக்கம் எப்போதும் தரையோடு இருக்கும் பக்கமாக அமையவேண்டும் என்பதே இதன் கருத்து. கையால் இயக்கும் அமைப்பில் இவ்வரிசை தவறினால், கயிற்றின் பூட்டைத் தளர்த்துமுன்பே கயிறு விறைத்து நிற்பதைக் கை உணர்ந்துவிடும். அந்தப் பூட்டும் ஏறக்குறைய 20 கிலோ வேறுபாட்டைப் பிடிப்பதற்கே உரியது. அதனால் தேர்ந்தவர் எடையைச் சரிசெய்த பின்னரே கயிற்றைத் தொடுவார். மோட்டார் வந்ததும் இவ்வுணர்வு மறைகிறது. பொத்தானுக்கு 5 கிலோவும் 300 கிலோவும் ஒன்றே.

இனி நம் வாதத்துக்கு வருவோம். சமநிலைப்படுத்திய அமைப்பில் மோட்டார் வெல்லவேண்டுவது மிச்ச எடையும் உராய்வும் மட்டுமே. மிச்சம் 40 கிலோ, வேகம் நொடிக்கு 20 சென்டிமீட்டர் எனில் அதற்கு வேண்டும் திறன் 80 வாட்டுக்கும் குறைவு. எதிரெடை இன்றி 360 கிலோவையும் தூக்குவதாயின் 700 வாட்டு வேண்டும். விற்பனையாளர் சிறு மோட்டாரே போதும் என்று கூறுவது இதனால்தான், அக்கூற்றில் பொய்யில்லை. ஆனால் அச்சிறு மோட்டாரோடு சேர்ந்து வரும் பிரேக்கும் பற்சக்கரமும் சங்கிலியும் அதே 40 கிலோவைக் கருதிச் செய்யப்பட்டவையாயின், எடை வரிசை ஒருமுறை தவறிய நாளில் அவை 300 கிலோவின் முன் நிற்கமாட்டா. தூக்கும் விசையை மிச்சத்துக்குக் கணக்கிடலாம். பிடிக்கும் விசையை மிகக் கொடிய ஏற்றத்தாழ்வுக்கே கணக்கிடவேண்டும். இதற்கு உடன்படாத மோட்டாரைப் பொருத்துவதைவிடக் கைக்கயிற்றோடு இருந்துவிடுவது மேல்.

மோட்டாரால் ஆபத்து குறையும் என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. முறையாகச் செய்த இயந்திரத்தில் தொட்டில் தறிகெட்டு ஓடாது, கைக்கயிற்றிலோ ஓடக்கூடும். நான் மறுப்பது நல்ல இயந்திரத்தையன்று. பழைய எதிரெடை அமைப்போடு கடைச்சரக்கு மோட்டாரை ஒட்டவைக்கும் இரண்டுங்கெட்டான் வேலையையே மறுக்கிறேன். கட்டட வேலையில் செங்கல்லும் சிமெண்டும் தூக்கும் சிறு மின்தூக்கிகளைக்கூடச் சிலர் மேடைக்குக் கொணர்கின்றனர். அத்தூக்கியின் அடியில் ஆள் நிற்கலாகாது என்பது அதைச் செய்தவர்களே விதிக்கும் நிபந்தனை. மேடையிலோ அடியில் நிற்பதற்கென்றே குழந்தைகளை அழைத்து வருகிறோம்.

பிரேக்கு எவ்வகையது என்பதும் கேட்கத்தக்கது. மின்சாரம் வந்தால் பிடித்து, போனால் விட்டுவிடும் பிரேக்கு நமக்கு ஆகாது. வில்லின் விசையால் எப்போதும் பிடித்திருந்து, மின்சாரம் உள்ளபோது மட்டும் விலகும் பிரேக்கே வேண்டும். ஒன்றுக்கொன்று சாராத இரண்டு இருப்பின் நன்று. திருகுப் பற்சக்கரம் பின்னோக்கிச் சுழலாது, ஆதலால் அதுவே பிரேக்கு என்று சொல்லக் கேட்டால் நம்பவேண்டாம். அதிர்விலும் எண்ணெய்ப் பூச்சிலும் அது மெல்ல நழுவுவதுண்டு.

மின்சாரத்தைப் பற்றி இவ்வட்டாரத்து உழவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. மும்முனை இணைப்பில் இரு கம்பிகள் இடம் மாறிப் பழுது பார்க்கப்பட்டால் பம்புசெட்டு தலைகீழாகச் சுழலும், தண்ணீர் சரிவர வராது, உடனே தெரிந்துவிடும். மேடைத் தூக்கியில் அது நேர்ந்தால் ‘கீழ்’ என்னும் பொத்தானை அழுத்தும்போது குழாய் மேலே செல்கிறது. மேல் எல்லையில் வைத்திருக்கும் சாவி ‘மேல்’ இணைப்பை மட்டுமே துண்டிக்கும். ஓடிக்கொண்டிருப்பதோ ‘கீழ்’ இணைப்பு. குழாய் கப்பியில் இடித்துக் கயிறு அறும்வரை மோட்டார் இழுக்கும். ஆகையால் முனைவரிசை மாறினால் இயங்க மறுக்கும் ரிலே ஒன்றும், எத்திசையில் ஓடினும் மொத்த மின்சாரத்தையே துண்டிக்கும் இறுதி எல்லைச் சாவிகள் இரண்டும் இன்றியமையாதன. வயலில் மின்சாரம் திரும்பியதும் தானே ஓடத் தொடங்கும் தானியங்கி ஸ்டார்ட்டர் உழவருக்கு வரம். அதே ஸ்டார்ட்டர் மேடையில் கொலைக்கருவி. இங்கே அழுத்திப் பிடித்திருக்கும் வரையில் மட்டுமே ஓடி, விரலை எடுத்ததும் நிற்கும் பொத்தானே பொருந்தும். குழாயைத் தன் கண்ணால் முழுதும் காணக்கூடிய இடத்தில் நின்று அதனை அழுத்தவேண்டும்.

இறங்கும் குழாய் வழியில் எதிலேனும் சிக்கினால் கை உடனே அறியும், மோட்டார் அறியாது. கயிறு தொய்ந்துகொண்டே போகும். பிறகு சிக்கல் விடுபட்டதும் குழாய் திடீரென விழுந்து, கயிற்றில் பேரதிர்ச்சி விளையும். கயிறு தொய்ந்தால் மோட்டாரை நிறுத்தும் சாவியை வீண்செலவென்று விலக்குவோர், 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோ நகரின் இராகுவா அரங்கில் நிகழ்ந்ததை நினைவுகூரலாம். தீயைத் தடுக்க இறக்கிய திரை பாதி வழியில் சிக்கி நின்றது. 600 பேருக்கு மேல் மாண்டனர். அங்கே குறைகள் பல இருந்தன. ஆயினும் இறங்கவேண்டிய ஒன்று வழியில் சிக்கியது அவற்றுள் ஒன்று.

கூரையைப் பற்றி ஒரு சொல். 300 கிலோ தொங்கவிடுகிறோம் என்று கட்டட மேஸ்திரியிடம் கூறினால் அவர் 300 கிலோவையே எண்ணுவார். குழாயையும் தொட்டிலையும் கூட்டினால் கூரையடி உத்திரங்கள் தாங்குவது 720 கிலோ. கப்பிகளின் பக்கவாட்டு இழுப்பு வேறு. தகட்டுக் கூரைக்காக அமைத்த மெல்லிய இரும்புச் சட்டங்கள் இதற்கு எழுதப்பட்டவையல்ல. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் கணக்கிட்டுக் கையெழுத்திடாத கூரையில் ஒரு கப்பியும் ஏறலாகாது.

கம்பிக் கயிற்றுக்கு இந்தியத் தரவிதி 2266 உண்டு. அதன் தேர்வு, பொருத்துதல், பேணுதல் ஆகியவற்றுக்கு 3973 உண்டு. மேடை வழக்கில் கயிறு தாங்கவேண்டிய பாரத்தைப்போல் எட்டு முதல் பத்து மடங்கு வலிமை கொள்வர். ஆயினும் நல்ல கயிறும் முடிச்சில் கெடும். கயிற்றை மடித்துக் கிளிப்பு போடும்போது, கிளிப்பின் வளைந்த போல்ட்டு பாரம் தாங்கும் கயிற்றின்மேல் அமர்ந்தால் அதனை நசுக்கிவிடும். அடிக்கட்டையே அக்கயிற்றின்மேல் அமரவேண்டும். வளைவு போல்ட்டு வெறும் வால்மேல் இருக்கவேண்டும். மூன்று கிளிப்பும் ஒரே பக்கம் நோக்க வேண்டும். முதற்பாரம் ஏற்றியபின் மறுபடி முடுக்கவேண்டும். ஏணியும் கைவிளக்கும் இருந்தால் எந்தக் களப்பணியாளரும் ஐந்து நிமிடத்தில் இதனைப் பார்த்துவிடலாம்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 29ஆம் பிரிவில், பாரந்தூக்கும் இயந்திரங்களையும் சங்கிலி, கயிறு முதலியவற்றையும் தகுதி பெற்றவர் 12 மாதங்களுக்கு ஒருமுறையேனும் சோதிக்கவேண்டும் என விதித்தது. அது தொழிற்சாலைக்கு விதித்த விதி. பருத்தி மூட்டைக்குக் கீழே நின்ற தொழிலாளிக்குக் கிடைத்த காவல், விளக்குக் குழாய்க்குக் கீழே நின்ற பள்ளிச் சிறுமிக்கு எழுதப்படவில்லை. ஐரோப்பாவில் மேடை இயந்திரங்களுக்கெனவே 2020இல் 17206 எண்ணுள்ள தரவிதி வெளியாயிற்று. நம் பள்ளி நிர்வாகிகள் சட்டத்துக்குக் காத்திராமல் ஆண்டுச் சோதனையைத் தாமே மேற்கொள்வதற்கு எத்தடையும் இல்லை. சோதித்த நாளும் தாங்கும் எடையும் பொறித்த தகடு ஒன்றைத் தொட்டிலருகே அறையவேண்டும். இவ்வெல்லைப் பகுதியில் அது தமிழிலும் தெலுங்கிலும் இருத்தல் நன்று.

மேற்கண்ட பள்ளி மன்றத்தினர் இறுதியில் மோட்டாரைக் கழற்றிவிட்டனர். விளக்குக் குழாயை அசையாதபடி நிலையாகப் பிணைத்து, முன்திரையைப் பக்கவாட்டில் கைக்கயிற்றால் இழுக்குமாறு மாற்றினர். மோட்டாருக்கு ஒதுக்கிய தொகையில் மிஞ்சியதைக் கொண்டு, விளக்கு கட்ட நான்கு சக்கரங்களும் கைப்பிடிக் கம்பிகளும் உடைய உயரமேடை ஒன்று வாங்கினர். ஆண்டுவிழாவுக்கு முதல்நாள் அதில் ஏறி விளக்குகளைத் திருப்பியவர் அப்பள்ளியின் பௌதிக ஆசிரியரே.