ஆள் தேடும் செய்மதிகள்

விண்வழித் தொடர்பை 1945 இல் எழுத்தில் வகுத்த ஆர்தர் சி. கிளார்க், பின்னர் இலங்கையையே தம் இல்லமாக்கினார். 1961 டிசெம்பர் 12 இல் வானொலி ஆர்வலரின் முதற் செய்மதியாகிய 'ஒஸ்கார் 1' விண்ணேகியது. இன்று அத்தகையன பல நம் தலைக்குமேற் சுழல்கின்றன. ஆயினும் உரிமம் பெற்ற ஆர்வலருள்ளும் அவற்றைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே.

பெருஞ்செலவாகும் என்பர் சிலர். அது முற்றும் பொருந்தாது. பண்பலைச் செய்மதிகளோடு பேச, தக்க கையடக்கக் கருவியும் கையாற் செய்த அலைவாங்கியுமே போதும். செய்மதி வானைக் கடக்கும் சில நிமிடங்களுக்குள் பேசி முடித்தலே பழகவேண்டிய கலை.

நுவரெலியா, ஹட்டன் மலைகள் தரைவழி செல்லும் வானொலி அலையை மறிக்கும். தலைக்குமேற் செல்லும் செய்மதியை மறிக்கமாட்டா. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் மலையகத்தின் வீதிகளையும் தொலைபேசித் தொடர்பையும் துண்டித்ததை நாம் மறப்போமா? அத்தகைய வேளையிற் சில நிமிடச் செய்தியும் ஓருயிரைக் காக்கவல்லதன்றோ? 2004 ஆழிப்பேரலையின்போது வானொலி ஆர்வலர் ஆற்றிய தொண்டே அதற்குச் சான்று.

ஆதலின் நம் கல்லூரியில் வானொலிக் கழகமொன்று அமைதல் வேண்டும். பழைய மாணவர் கருவி உதவுக. ஆசிரியர் பரீட்சைக்குப் பயிற்றுக. மாணவர் உரிமம் பெறுக. இதனினும் சிறந்த விழா நினைவுச்சின்னம் யாம் அறியோம்.