வெட்டுங்கள், மறுபடி டைப் அடிக்காதீர்கள்

போன மாதம் என் தங்கை காரைக்காலிலிருந்து போன் செய்தாள். "அண்ணே, அம்மா பேசுற இடத்தை மட்டும் வெட்டி அனுப்பேன்" என்றாள். 1994-ல் அவள் கல்யாணத்தில் எடுத்த வீடியோ கேசட், பிற்பாடு டிவிடியாக மாற்றி வைத்திருந்தோம். இரண்டரை மணி நேரத்தில் அம்மா பேசுவது 40 விநாடி. அம்மாவின் குரல் எங்களிடம் வேறெங்கும் இல்லை.

குரோம்பேட்டையில் ஒரு கடையில் கொடுத்தேன். மறுநாள் பென் டிரைவில் வந்தது. அம்மா முகம் மெழுகு பொம்மை மாதிரி. மூக்குத்தியைக் காணோம். புடவைக் கரை கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. "பழைய டேப் சார், அப்படித்தான் இருக்கும்" என்றான் கடைப் பையன். டிவிடியில் அப்படி இல்லையே!

பிறகுதான் விஷயம் புரிந்தது. டிவிடியில் இருப்பதே சுருக்கிய வீடியோ. அதை விரித்து, வெட்டி, திரும்பச் சுருக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு சுருக்கலிலும் கொஞ்சம் விவரம் கழியும், கழிந்தது திரும்பாது. நான் குமாஸ்தாவாக இருந்தவன், எனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன். கோப்பிலிருந்து நாலு தாள் வேண்டுமென்றால் டேக்கை அவிழ்த்து அந்த நாலு தாளை உருவி எடுப்போம். யாராவது நாலையும் புதிதாக டைப் அடிப்பார்களா? அடித்தால் பிழை வரத்தானே செய்யும்?

உருவி எடுக்க வழி இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் கட்டளையோடு 'காப்பி' என்று சேர்த்தால், படத்தைத் தொடாமல் அப்படியே துண்டை எடுத்துத் தரும். 2000-ல் அதைத் தொடங்கியவர் ஃபப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர். (பெயரின் கடைசி 'ட்' எழுத்தில் மட்டும்தான். உச்சரித்தால் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் காதைத் திருகியிருப்பார்.) உண்மை நகலுக்குப் பிரெஞ்சில் 'கொப்பி கொன்ஃபோர்ம்' என்பார்கள். எனக்கு அந்த முத்திரைதான் ஞாபகம் வந்தது. கட்டளை அடிக்கத் தயங்குபவர்களுக்கு லாஸ்லெஸ்கட் இருக்கிறது, உள்ளே அதே எஃப்எஃப்எம்பெக்தான்.

ஒரு சிக்கல் உண்டு. நினைத்த இடத்தில் வெட்ட முடியாது. வீடியோவில் எல்லாப் படமும் முழுப் படமல்ல. இடையிடையே ஒரு முழுப் படம், அது அரசாணை மாதிரி. மற்றவை திருத்தாணைகள்: 'முன் ஆணையில் இந்தப் பத்திக்குப் பதில் இது' என்று மாற்றத்தை மட்டும் சொல்லும். பின்னால் வரும் ஆணையைப் பார்த்து எழுதிய திருத்தாணைகள்கூட உண்டு. எங்கள் ஆபீஸில் அந்த அதிசயம் நடந்ததில்லை. மூல ஆணை இல்லாமல் திருத்தாணை எதற்கு? ஆகவே முழுப் படம் இருக்கும் இடத்தில்தான் துண்டு தொடங்க வேண்டும். டிவிடியில் சுமார் அரை விநாடிக்கு ஒன்று இருக்கும். இணையத்தில் இறக்கும் வீடியோக்களில் பல விநாடி தள்ளியும் இருக்கலாம்.

ஒட்டுவதற்கும் நிபந்தனை உண்டு. துண்டுகள் ஒரே முறையில் சுருக்கியவையாக, ஒரே அளவாக, ஒலியும் ஒரே மாதிரியாக இருக்க வேண்டும். ஃபுல்ஸ்கேப்பையும் ஏ4-ஐயும் ஒரே டேக்கில் கட்டலாம். டிவிடியையும் செல்போன் வீடியோவையும் அப்படிக் கட்ட முடியாது, அங்கே மறுசுருக்கம் தவிர்க்க முடியாதது. ஆனால் வெறுமனே வெட்டித் தரச் சொன்னவனுக்கும் அதையே செய்வது சோம்பேறித்தனம் என்பேன். காசு வாங்கும் கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியாவது செய்ய வேண்டாமா? நாமும் சும்மா இல்லை. வாட்ஸப்பில் வீடியோவாகவே அனுப்பி, வந்ததை வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடுகிறோம். டாக்குமென்டாக அனுப்பினால் சுருங்காது.

அம்மா துண்டை நானே வெட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. மூக்குத்தி மின்னுகிறது. ஆரம்பத்தில் அரை விநாடி, லைட் பிடித்த பையனின் முழங்கை குறுக்கே வருகிறது. அதை எடுக்க வேண்டுமானால் மறுபடி சுருக்க வேண்டும். "இருந்துட்டுப் போகட்டும்ண்ணே" என்றாள் தங்கை.