தீர்மானப் புத்தகத்தில் நம் தெருவும் இருக்கட்டும்



நகராட்சி மன்றக் கூட்டம் என்றதும் நம் நினைவுக்கு வருவது வாக்குவாதமும் வெளிநடப்பும்தான். செய்தித்தாளில் இடம் பிடிப்பவை அவை. ஆனால் அதே கூட்டத்தில், யாரும் குரல் உயர்த்தாமல், பொருள் எண் வாரியாக வாசிக்கப்பட்டு நிறைவேறுகிற தீர்மானங்கள்தான் நம்முடைய அன்றாடத்தை முடிவு செய்கின்றன. குடிநீர் மோட்டாருக்கு ரீவைண்டிங், தெருவிளக்குச் சாமான் கொள்முதல், கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களின் தினக்கூலி, பேருந்து நிலையக் கடைகளின் ஏலம், கட்டணக் கழிப்பறைக் குத்தகை, வாய்க்கால் தூர்வாரும் செலவு என்று எந்தச் சிறு நகராட்சியின் நிகழ்ச்சி நிரலை எடுத்தாலும் இவைதான் இருக்கும். சட்டமன்றத்தில் நடப்பது நமக்குத் தெரிந்த அளவுக்கு, நம் வீட்டு வாசலை எட்டும் இந்தத் தீர்மானங்கள் தெரிவதில்லை. இந்த நிலை மாறவேண்டும் என்றும், மாற்றுவதற்கான வழி சட்டப்படியே நம் கையில் இருக்கிறது என்றும் சொல்லத்தான் திருமங்கலம் நகர் வாழ் மக்களுக்கு இந்த வேண்டுகோளை எழுதுகிறோம். ஒவ்வொரு வார்டிலும் கூட்டப்பட வேண்டிய பகுதி சபைக் கூட்டத்துக்கு வாருங்கள். வரும்போது உங்கள் தெருவின் தேவையை எழுதிக்கொண்டு வாருங்கள்.

ஒரே ஒரு பொருளை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். ‘இன்ன வார்டு, இன்ன தெருவில் பழுதடைந்த சாலையைப் புதுப்பிக்கும் பணி; மதிப்பீட்டுத் தொகை இவ்வளவு; மன்றத்தின் அனுமதிக்கு’ என்று மூன்று வரியில் ஒரு பொருள் வரும். மறுப்பதற்கு அதில் எதுவும் இல்லை, நிறைவேறும். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடப் போகிறார்களா, அதன் மேலேயே போடப் போகிறார்களா என்பது அந்த மூன்று வரியில் இருக்காது. மேலேயே போட்டால் சாலை நாலு விரற்கடை உயரும். அடுத்த முறை போடும்போது இன்னும் நாலு விரற்கடை. மூன்றாவது முறை வாசற்படி சாலைக்குக் கீழே போய்விடும், ஐப்பசி மழைத் தண்ணீர் கூடத்துக்குள் வந்து நிற்கும். அதன்பின் வீட்டுக்காரர் கடன் வாங்கித் தரையை உயர்த்துவார், அதற்கு வசதி இல்லாதவர் வாசலில் மணல் மூட்டை அடுக்குவார். இது அரசுக்குத் தெரியாத சங்கதியும் அல்ல. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போடவேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். உத்தரவு இருக்கிறது. அது நம் தெருவில் நடைமுறைக்கு வருமா என்பது, மதிப்பீடு தயாராகும் நேரத்தில் யாராவது ஒருவர் கேட்பதைப் பொறுத்தது. தார் கொதிக்கும் அன்று தெருவில் நின்று கேட்டால் ஒப்பந்ததாரர் பணி ஆணையைக் காட்டுவார். கேட்கவேண்டிய நேரம் அதற்குப் பல மாதம் முன்பே கடந்து போயிருக்கும்.

அந்த நேரத்தில் கேட்பதற்கு இடம் கொடுப்பதுதான் பகுதி சபை. நாடாளுமன்றம் 1992-இல் நிறைவேற்றிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 3 லட்சம் பேரும் அதற்கு மேலும் வாழும் நகரங்களில்தான் வார்டு குழுக்களைக் கட்டாயம் ஆக்கியது. நம்மைப் போன்ற ஊர்களுக்கு அதில் இடம் இல்லை. தமிழ்நாடு அரசு 2010-இல் சட்டத்தைத் திருத்தி, 2022-இல் விதிகளையும் வகுத்த பிறகு சிறு நகராட்சிகளுக்கும் வார்டு குழுவும் பகுதி சபையும் வந்தன. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, கிராம சபையைப் போலவே நகரங்களிலும் கூட்டம் நடந்தது. ஒரு பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அந்தப் பகுதி சபையின் உறுப்பினர். யாருடைய சிபாரிசும் வேண்டாம், எந்தக் கட்சி அட்டையும் வேண்டாம். ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று ஆண்டுக்கு 4 நாள் இதற்கென்று குறித்திருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் நம் நகரின் மக்கள்தொகை 51 ஆயிரத்துச் சொச்சம், வார்டுகள் 27. ஒரு வார்டுக்குச் சராசரியாக 1,900 பேர். அந்த வார்டையும் நான்கு பகுதியாகப் பிரித்தால் ஒரு பகுதிக்கு 500 பேருக்கும் குறைவு, அதாவது நூற்றுச் சொச்சம் வீடுகள். ஒரு கல்யாணத்துக்கு அழைக்கும் கூட்டத்தைவிடச் சிறியது. மதுரை மாநகராட்சியில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத வசதி இது. இங்கே நாலு தெரு சேர்ந்து வந்தாலே சபை நிறைந்துவிடும்.

‘கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது, இதெல்லாம் அவர் பார்க்கவேண்டிய வேலை, நாங்கள் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு நம் அனுபவமே பாதி பதில். 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடையில் ஐந்து ஆண்டுக்கு மேல் தமிழ்நாட்டின் நகராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். தீர்மானம் அப்போதும் போடப்பட்டது, பணமும் செலவானது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. கவுன்சிலர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த ஆண்டுகள் காட்டின. ஆனால் அந்தக் கவுன்சிலரும் மன்றத்தில் தனி ஆளாகத்தான் எழுந்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் எண்பது பேர் கையெழுத்திட்ட பகுதி சபைத் தீர்மானம் இருந்தால் அவர் பேச்சுக்குக் கனம் வேறு. இப்போது மன்றங்களில் பாதி இடம் பெண்களுக்கு. முதன்முறையாகப் பொறுப்புக்கு வரும் பல பெண் உறுப்பினர்களுக்கு வீட்டாரோ கட்சிக்காரரோ சொல்லிக்கொடுப்பதைவிட, தெரு மக்கள் எழுத்தில் தரும் கோரிக்கைதான் நல்ல பலம். கேரளத்தின் 1994-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம், ஒரு லட்சத்துக்கு மேற்படாத மக்கள்தொகை உள்ள நகராட்சிகளில் வார்டு சபையைக் கட்டாயம் ஆக்கியது. 1996-இல் அங்கே மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குப் போனது. அந்தப் பணத்தில் எது முதலில், எது பிறகு என்ற பேச்சு இத்தகைய சபைகளில்தான் தொடங்கியது. அவர்களுக்கு வாய்த்த அளவு நிதி நமக்கு இல்லை, உண்மைதான். சபை நமக்கும் இருக்கிறது.

இதைவிடக் கடினமான கேள்வி இன்னொன்று. ‘பேசிவிட்டு வந்தால் மட்டும் நடந்துவிடுமா?’ நாங்கள் இதை மழுப்ப விரும்பவில்லை. பகுதி சபை சொல்வதெல்லாம் மன்றத்தைக் கட்டுப்படுத்தாது. நகராட்சியின் பெரிய பணிகளுக்கான பணம் மாநில, ஒன்றிய அரசுத் திட்டங்களின் வழியே, எதற்குச் செலவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் வருகிறது. இந்த எல்லையைத் தெரிந்துகொண்டேதான் அழைக்கிறோம். ஏனென்றால், கட்டுப்படுத்தாத தீர்மானம் என்ன செய்யும் என்பதை நம் மதுரை மாவட்டமே பார்த்திருக்கிறது. 2024 நவம்பரில் அரிட்டாபட்டி உள்ளிட்ட மேலூர் வட்டாரத்தில் ஏறத்தாழ 5 ஆயிரம் ஏக்கரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்துவிட்ட செய்தி வந்தது. அதே மாதம் 23-ஆம் தேதி நடந்த கிராம சபைகளில் ஊர் ஊராகச் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரியில் விவசாயிகளும் பெண்களும் மதுரை தல்லாகுளம் வரை பேரணியாக வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. கிராம சபை மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்லமாட்டோம். ஆனால் ஊரின் விருப்பம் என்ன என்று யாரும் திரித்துச் சொல்ல முடியாதபடி முதலில் எழுத்தில் வைத்தது கிராம சபைதான். சுரங்கத்தை எதிர்க்கவே அது பயன்பட்டது என்றால், குண்டாற்றில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்கவும், விளக்கு எரியாத சந்துக்கும் பயன்படாதா? நகராட்சி மறுக்கட்டும். மறுப்பதானால் காரணத்தைச் சொல்லி மறுக்கவேண்டும் என்ற நிலையை உண்டாக்குவதே முதல் வெற்றி.

கட்சிக்காரர்கள்தான் அங்கே கூடுவார்கள் என்பதும், பகுதியின் பிரதிநிதிகளான பகுதி உறுப்பினர்களை மன்றமே நியமிப்பதால் அவர்கள் எல்லாரும் வேண்டப்பட்டவர்களாகவே இருப்பார்கள் என்பதும் நியாயமான கவலை. விதியின் பலவீனமான இடம் இது என்று நாங்களும் கருதுகிறோம். ஆனால் நாம் போகாமல் விட்ட நாற்காலியில்தான் அவர்கள் உட்காருகிறார்கள். அடுத்த கவலை எங்களையும் உறுத்துவது. கப்பலூர் தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்குப் போகிறவர், விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் தூய்மைப் பணியாளர், தள்ளுவண்டிக்காரர், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு எப்படி வருவார்? அந்த 4 நாளில் ஜனவரி 26-உம் ஏப்ரல் 14-உம் அரசு விடுமுறை. மற்ற இரண்டு நாளும் மாலை 6 மணிக்கு மேல் கூட்டம் வைக்கும்படி நாம் எழுதிக் கேட்கவேண்டும். வர முடியாதவரின் கோரிக்கையை வருகிறவர் எடுத்து வரவேண்டும். வாடகைக்குக் குடியிருந்து இங்கே ஓட்டு இல்லாதவர்களுக்கு இது இன்னும் அவசியம். அவர்களும் இதே தண்ணீரைத்தான் பிடிக்கிறார்கள். சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும் பேசினால், சாலையோர வியாபாரிகளை அப்புறப்படுத்து என்பதே முதல் தீர்மானமாகிவிடக்கூடும். அப்படி ஆகக்கூடாது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கவேண்டும். அந்த முறைப்படி பேசவேண்டிய விஷயத்தைப் பகுதி சபையில் கைதட்டி முடிப்பது நியாயம் அல்ல.

2022-இல் சொத்து வரி உயர்ந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். 600 சதுர அடிக்குக் குறைந்த வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 சதவீதம். தமிழகம் முழுவதும் நகராட்சிகள் மன்றத் தீர்மானம் போட்டு, பொதுமக்களிடம் ஆட்சேபணை கேட்டு அறிவிப்பும் கொடுத்தன. டீக்கடையில் பேசியவர்கள் ஆயிரம் பேர் என்றால், காகிதத்தில் எழுதிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? வரியை மறுக்கச் சொல்லவில்லை. வரி கொடுக்கிற கைக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. இன்னொரு வலியும் நமக்கு இருக்கிறது. 2009 ஜனவரியில் நம் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குப் பணம் என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் கூடவே ‘திருமங்கலம் பார்முலா’ என்று நம் ஊர்ப் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஐந்து வருடத்தில் ஒரு நாள் மட்டும்தான் குடிமகனுக்கு மதிப்பு என்று நாமே நம்பினால், அந்த ஒரு நாளுக்கு மற்றவர்கள் விலை வைக்கத்தான் செய்வார்கள். மற்ற நாட்களிலும் நமக்கு வேலை இருக்கிறது என்று காட்டுவதைவிட நேரான பதில் எங்களுக்குத் தெரியவில்லை.

செய்யவேண்டியது இதுதான். முதலில் உங்கள் தெரு எந்தப் பகுதியில் வருகிறது, பகுதி உறுப்பினர் யார் என்று நகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். கூட்டத் தேதியும் இடமும் ஒரு வாரம் முன்னதாகவே அலுவலக அறிவிப்புப் பலகையிலும் ரேஷன் கடை வாசலிலும் ஒட்டப்பட வேண்டும் என்று கேளுங்கள். மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலையும், நிறைவேறிய தீர்மானங்களின் நகலையும் கேளுங்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, நடவடிக்கைக் குறிப்புகளைப் பார்க்கலாமா என்பதை யாரும் கேட்காமலேயே வெளியிடச் சொல்கிறது. தரவில்லை என்றால் 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு போதும். அதிகாரிகளையோ உறுப்பினர்களையோ பகையாக எண்ணிப் போகவேண்டாம். ஆள் பற்றாக்குறையோடு வேலை பார்க்கும் ஒரு பொறியாளருக்கு, எந்த இடத்தில் வாய்க்கால் அடைக்கிறது என்று இடம் குறித்து எழுதிய தாள் உதவியாகவே இருக்கும்.

தெருவுக்கு ஒரு தாள் போதும். ‘எங்கள் தெருவுக்கு எல்லா வசதியும் வேண்டும்’ என்று எழுதாமல், எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, எந்த வீட்டு எண் முதல் எந்த வீட்டு எண் வரை சாலை உயர்ந்திருக்கிறது, தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை எத்தனை மணிக்கு வருகிறது என்று எழுதுங்கள். வாடகைக்கு இருப்பவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு பிரதி எடுத்து, சபையில் வாசித்து, ஒன்றைத் தலைவரிடம் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதா என்று அங்கேயே பார்த்துவிட்டு, மற்றொரு பிரதியில் தேதியோடு நகராட்சி முத்திரை வாங்கித் தெருவில் ஒருவர் வீட்டில் பத்திரமாக வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முதலில் கொண்டு வரவேண்டியது அந்தத் தாள்தான்.

இப்படிக்கு,
திருமங்கலம் நகர்வாழ் குடிமக்கள் சிலர்