கண்ணை மூடினால் பழக்கம் போய்விடுமா?

"ஒரே செஷனில் சிகரெட்டை விடலாம்!" இப்படி ஒரு விளம்பரம் உங்கள் போனிலும் வந்திருக்கும். அம்மாவுக்குத் தெரியாமல் புகைத்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்கும் வந்தது. 300 பவுண்ட் கட்டினேன். சாய்வு நாற்காலி, மெல்லிய குரல், மூடிய கண்கள். பதினொரு நாள் தாக்குப்பிடித்தேன். பன்னிரண்டாம் நாள் வேலையில் சர்வர் படுத்துவிட்டது. என் உறுதியும் கூடவே படுத்துவிட்டது. திரும்பப் போய்க் கேட்டேன். "உங்களுக்கு மனவுறுதி போதாது" என்றார். காசு அவருக்கு, குற்றம் எனக்கு!

ஹிப்னோதெரபி முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஜேம்ஸ் பிரெய்ட் என்ற ஸ்கொட்லாந்து சத்திரசிகிச்சை நிபுணர் 1843இலேயே இதைப்பற்றி நூல் எழுதினார். ஐபிஎஸ் என்ற குடல் கோளாறு ஒரு வருடமாகியும் மருந்துக்கு அடங்காவிட்டால் இதையும் யோசிக்கலாம் என்கிறது இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு. ஆனால் புகைத்தலுக்கு? 14 ஆய்வுகளை, 1,926 பேரை ஒன்றாக வைத்துப் பார்த்தது 2019இல் வந்த கொக்ரேன் மதிப்பாய்வு. மற்ற வழிகளைவிட இது மேல் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு. டெஸ்ட் பாஸாகாத கோடை நான் வாடிக்கையாளரிடம் கொடுத்தால் வேலை போய்விடும். இவர்கள் மட்டும் எந்தத் தைரியத்தில் "ஒரே செஷன்" என்கிறார்கள்?

இன்னொன்று தெரியுமா? பிரித்தானியாவில் நாளைக்கே நானும் "ஹிப்னோதெரபிஸ்ட்" என்று பலகை மாட்டலாம். சட்டம் தடுக்காது.

பிறகு ஏன் போகிறோம்? கவுன்சலிங் என்றால் நம் வீடுகளில் "உனக்கென்ன பைத்தியமா?" என்பார்கள். இதுவென்றால் யாருக்கும் தெரியாமல் ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறோம். அந்த வெட்கத்துக்குத்தான் அவர்கள் விலை போட்டிருக்கிறார்கள்.

நான் கடைசியில் விட்டது என்எச்எஸ்ஸின் இலவச உதவியோடு. நிக்கோட்டின் பட்டை, வாராவாரம் பேச்சு, எந்த நேரத்தில் கை சிகரெட்டைத் தேடுகிறது என்று எழுதிய ஒரு கொப்பி. முதல் தடவை தோற்றேன். இரண்டாம் தடவை நின்றது. அம்மாவிடமும் சொன்னேன். நல்லாய்த் திட்டினார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார்: "இது எத்தனையாவது கிழமை?"

தம்பி, தங்கச்சி, பழக்கம் ஒரு நாளில் வந்ததில்லை. ஒரு மணித்தியாலத்தில் போகவும் போகாது. காசு கட்டமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது வேலை செய்யாவிட்டால் குற்றம் யாருடையது?" "உன்னுடையது" என்று பதில் வந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.