எல்லாம் மனசுலதான்னு சொல்ற மகானுபாவர்களுக்கு...

கொஞ்சம் சூடான பதிவு. பிபி இருக்கறவங்க தண்ணி குடிச்சிட்டு வாங்க.

எங்கூர் பொதட்டூர்பேட்டை பத்தி தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், தெருவுக்குள்ள நுழைஞ்சா தறிச் சத்தம்தான் முதல்ல வரவேற்கும். எங்கம்மா அந்த சத்தத்துக்கு நடுவுலயே முப்பது வருஷம் தார் சுத்தினவங்க. ராட்டை முன்னாடி கால மடக்கி உக்காந்து, வலது கையால சக்கரத்த சுத்தி, இடது கையால நூல பிடிச்சி விடற வேலை. ரெண்டு நாள் செஞ்சி பாருங்க, தோள்பட்டை எங்க இருக்குன்னு தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி கழுத்துலேருந்து முழங்கை வரைக்கும் வலி ஆரம்பிச்சுது. தைலம், ஒத்தடம், புத்தூர் போய் ஒரு கட்டு (எங்க ஏரியாவுல எலும்பு சம்பந்தமா என்ன வந்தாலும் முதல்ல புத்தூர்தான், அப்புறம்தான் டாக்டர்). ஒண்ணும் கேக்கல. திருத்தணி போய் ரயில் பிடிச்சி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனோம். மூணு மணி நேரம் காத்திருந்தோம். டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் மனசுலதான்"ன்னார். அதோட விட்டாரா? "வீட்ல மருமகளோட ஏதாவது பிரச்சனையா?"

பக்கத்துல நின்ன தங்கமணி முகத்த நீங்க பார்த்திருக்கணும்.

திரும்பி வர்ற வரைக்கும் அம்மா ஒரு வார்த்தை பேசல. அதுக்கப்புறம் வலிக்குதுன்னு சொல்றதையே நிறுத்திட்டாங்க. வலி நிக்கல, சொல்றது நின்னுபோச்சி. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பார்த்தா சுவத்துல தோள வெச்சி அழுத்திக்கிட்டு உக்காந்திருப்பாங்க.

இதுல சொந்தக்காரங்க துப்பறியும் வேலை வேற. தங்கச்சி கல்யாணத்துல மூணு நாள் ஓடியாடி வேலை செஞ்சாங்களே, அப்ப எங்க போச்சாம் வலி? சித்தப்பா கேக்கறார். அவருக்கு இடுப்பு பிடிச்சிக்கிட்டப்போ மட்டும் அது "டிஸ்க்கு". ஆம்பளைக்கு வந்தா டிஸ்க்கு, பொம்பளைக்கு வந்தா மனசு. நல்லா இருக்கு சாமி உங்க நியாயம்!

சித்தப்பாவுக்கான பதில் 1944-லயே இருக்கு. இரண்டாம் உலகப்போர்ல இத்தாலியில ஆன்சியோன்னு ஒரு இடம். ஹென்றி பீச்சர்ங்கற அமெரிக்க டாக்டர் கவனிச்சது இது: பலமா அடிபட்டு வந்த சிப்பாய்ங்கள்ல முக்கால்வாசிப் பேர் வலி மருந்தே வேணாம்னாங்க. எலும்பு உடைஞ்சிருக்கு, வயித்துல குண்டு, ஆனா மருந்து வேணாமாம். உயிரோட வீட்டுக்குப் போகப்போறோம்ங்கற நினைப்பும் அதுக்கு ஒரு காரணமா இருக்கும்னு அவர் நினைச்சார். அந்த சிப்பாய்ங்க நடிச்சாங்கன்னு யாராவது சொல்வீங்களா? அப்ப கல்யாண வீட்ல மூணு நாள் வலி தெரியாம இருந்த எங்கம்மா மட்டும் எப்படி நடிகையானாங்க?

மெல்சாக், வால்னு ரெண்டு பேர் 1965-ல ஒரு விளக்கம் கொடுத்தாங்க. உடம்புலேருந்து வர்ற சேதி நேரா மூளைக்குப் போறதில்ல. முதுகுத்தண்டுல ஒரு கதவு மாதிரி ஏற்பாடு இருக்கு. அதைத் திறக்கறதா மூடறதான்னு மேலேருந்து மூளையும் உத்தரவு போடும். கால் விரல இடிச்சிக்கிட்டா உடனே தேய்க்கறோமே, அதுவும் அந்தக் கதவ சாத்தற வேலைதான். அவங்க சொன்ன விவரங்கள்ல பல திருத்தம் வந்தாச்சு, ஆனா மூளை கீழ்நோக்கியும் உத்தரவு போடுதுங்கறது நின்னுடுச்சி. பயம், தூக்கமின்மை, கடன் கவலை எல்லாம் கதவ அகலமா திறந்து விடும். நூல் விலை ஏறின மாசம் அம்மாவுக்கு வலியும் ஏறினது இப்ப புரியுதா?

இன்னொண்ணு. 1978-ல பல் பிடுங்கினவங்களுக்கு வெறும் டூப்ளிகேட் மருந்து கொடுத்துப் பார்த்தாங்க. சிலருக்கு வலி குறைஞ்சுது. மனப்பிரமைன்னு சொல்லத் தோணுதுல்ல? அப்புறம் நலாக்சோன் கொடுத்தாங்க. அது மார்ஃபின் வகையறாவோட வேலைய தடுக்கற மருந்து. கொடுத்ததும் வலி திரும்பிடுச்சி. அதாவது "சும்மா மருந்து" சாப்பிட்டவன் மூளை தானாவே மார்ஃபின் மாதிரி ஒண்ணை சுரந்திருக்கு. மனசுன்னு நீங்க கையை வீசி ஒதுக்கறது அசல் ரசாயனம் அய்யா.

நம்மாளு ஒருத்தர் இருக்கார், வி.எஸ்.ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில படிச்சி, கலிஃபோர்னியா போய் மூளையை ஆராய்ச்சி பண்ணவர். கை வெட்டப்பட்டவங்களுக்கு இல்லாத கையில வலிக்கும். விரல் இறுக்கி மூடிக்கிட்டு நகம் உள்ளங்கையில குத்துதுன்னு துடிப்பாங்க. நகமும் இல்ல, உள்ளங்கையும் இல்ல! 1990-கள்ல இவர் ஒரு பெட்டியில கண்ணாடிய நிக்க வெச்சி, இருக்கற கையோட பிம்பம் இல்லாத கை இருக்கற இடத்துல தெரியறமாதிரி பண்ணார். நல்ல கைய விரிச்சா "அந்த" கையும் விரியுது, சிலருக்கு வலி விட்டுது. எல்லாருக்கும் வேலை செய்யல, அதையும் சொல்லிடறேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. இல்லாத கை வலிக்குதுன்னவனை அவர் முதல்ல நம்பினார். எங்கம்மாவுக்கு கை இருந்தே நம்ப ஆளில்ல.

ஸ்கேன் கதையும் கேட்டுக்குங்க. வலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேன் முடிவுகள திரட்டி 2015-ல ஒரு கட்டுரை வந்துது. இருபது வயசுக்காரங்கள்லயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேஞ்சிருக்கு, எண்பது வயசுல 96 சதவீதம். அதாவது தேஞ்சவனுக்கு வலி இல்ல. இதை ஒத்துக்கிட்டா, ஸ்கேன் சுத்தமா இருக்கறவளுக்கு வலி இருக்கலாம்னும் ஒத்துக்கணுமில்ல? போட்டோவுல வலி விழாது.

இப்ப நம்ம சண்டைக்கு வர்றேன். ஆடிக் கிருத்திகைக்கு திருத்தணியில அலகு குத்திக்கறவங்கள பார்த்து ஆத்திக நண்பர்கள் "முருகன் அருள்"ம்பீங்க. திராவிடர் கழகத்துக்காரங்க கடவுள் இல்லைன்னு கோஷம் போட்டுக்கிட்டே அலகு குத்தி காரை இழுத்துக் காட்டினாங்க, நாத்திக நண்பர்கள் "மனவலிமை"ம்பீங்க. ரெண்டு கோஷ்டியும் எனக்கு வேண்டியவங்கதான். ஆனா ரெண்டு பேருமே அங்க மனசுக்கு மாலை போடறீங்க. வலி தெரியலைன்னா மனசோட பெருமை. அதே மனசு வலிய கூட்டினா மட்டும் பிரமை, நடிப்பு, மருமக சண்டை. என்ன கணக்கு இது?

பாசிட்டிவ் திங்கிங் வியாபாரிங்களும் இதே கட்சிதான். "வலிய நினைக்காதீங்க, போயிடும்." போகலைன்னா நீங்க சரியா நினைக்காம விட்டது தப்பாம். வலியும் அவளுக்கு, பழியும் அவளுக்கு.

எல்லா வலியும் மூளையிலதான் வலியாகுது. தேள் கொட்டினாலும் அப்படித்தான். அப்புறம் எதுக்கு சிலர் வலிய மட்டும் பொறுக்கி எடுத்து "மனசுல"ங்கறீங்க? வலி ஆராய்ச்சிக்குன்னே இருக்கற சர்வதேச சங்கம் 2020-ல வலிக்கான விளக்கத்தைத் திருத்தினப்போ, வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா அதை மதிக்கணும்னு குறிப்பே சேர்த்திருக்கு. சங்கம் சொல்லித்தான் இது தெரியணுமா!

அம்மா கதை பாக்கி இருக்கே. ஒரு பிசியோதெரபி பொண்ணு, முதல் நாள் ஊசி இல்ல, மிஷின் இல்ல, முக்கால் மணி நேரம் கேட்டுச்சி. எப்ப கூடுது, எப்ப குறையுது, தூங்கறீங்களான்னு. ராட்டைய பலகை மேல தூக்கி வைக்கச் சொல்லுச்சி, அரை மணிக்கு ஒருதரம் எழுந்திருக்கச் சொல்லுச்சி, தினம் கொஞ்சம் கொஞ்சமா கையைத் தூக்கப் பழக்குச்சி. வலி முழுசா போகல. பாதியாச்சின்னு அம்மா சொல்றாங்க. சொல்றாங்க!

டிஸ்கி: நெஞ்சு வலி, திடீர்னு கை கால் மரத்துப்போறது, காய்ச்சலோட முதுகு வலி இதெல்லாம் வந்தா என் பதிவ ஞாபகம் வெச்சி மூளை, கதவுன்னு யோசிச்சிக்கிட்டு உக்காராதீங்க. ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. சித்தப்பா இந்தப் பக்கத்த படிக்கிறார்னு கேள்வி, அவருக்கு ஒரு வணக்கம்.